தகர டப்பாவில் அளந்த மாவு

அந்த ரொட்டிக் கூடத்தில் அவளை எல்லாரும் தராசக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவரான அடுப்புக்காரரும் அக்கா என்றார். முதலாளியும் கோபம் இல்லாத நேரங்களில் அப்படித்தான் அழைத்தார். மைதா, சர்க்கரை, உப்பு, பால் பவுடர், ஈஸ்ட், சோடா மாவு என்று தண்ணீர் படாத எந்தப் பொருளும் அவள் நிறுத்துக் கொடுத்த பிறகுதான் பிசையும் மிஷினுக்குப் போகும். அதனால் வந்த பெயர்.

அவள் வேலை செய்த அறை ஒரு சந்து போல நீளமாக இருக்கும். இரண்டு பக்கமும் மூட்டைகள், நடுவில் ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவு வழி, கடைசியில் இரும்பு மேஜை. மேஜை மேல் சிவப்பு எழுத்தில் எண் காட்டும் தராசு. ஜன்னலில் அடித்திருந்த கொசுவலைகூட மாவு படிந்து துணி மாதிரி ஆகியிருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அண்ணி வாசலிலேயே நிறுத்தி, "அப்படியே நில்லு, தட்டிட்டு வா. உன்னை உதறினாலே நாளைக்கு டிபன் ஆயிடும்" என்பாள்.

வீடு அண்ணனுடையது. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷன் வேறொருத்தியுடன் குடித்தனம் நடத்துவது தெரிந்தது. அவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் அதிகம் பேசாத மனுஷன். அவருக்கும் சேர்த்து அண்ணி பேசினாள். முதல் வாரமே, "இங்க சும்மா உக்காந்து மோட்டுவளையைப் பார்த்தா பைத்தியம் பிடிச்சிடும்" என்று சொல்லி ரொட்டிக் கூடத்தில் சேர்த்துவிட்டதும் அண்ணிதான்.

கண் கெட ஆரம்பித்தது எப்போது என்று அவளுக்கே தெரியாது. முதலில் தராசில் மூன்றும் எட்டும் ஒன்று போல இருந்தன. கண்ணைத் துடைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். பிறகு, எந்த எண்ணைப் பார்க்கிறாளோ அந்த எண் இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் திட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. சுற்றியிருக்கும் மேஜை தெரிந்தது, மூட்டை தெரிந்தது, வாசல் தெரிந்தது. பார்க்க வேண்டியது மட்டும் தெரியவில்லை.

கண் டாக்டர் ஒரு பொம்பளை. விளக்கை அடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "விழித்திரைல நடுப்பகுதி கெட்டுப்போச்சும்மா. ஓரத்துல பார்வை இருக்கும், நடமாடலாம். ஆனா படிக்கிறது, முகம் பார்க்கிறது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா போயிடும்" என்றார்.

"கண்ணாடி போட்டா?"

"கண்ணாடியால பிரயோஜனம் இல்ல. ஆபரேஷனும் இல்ல."

கூடப் போயிருந்த அண்ணி வீடு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் தராசக்காவைப் பயமுறுத்தியது.

வேலையை விடு என்று அண்ணன் சொன்னார். அவள் கேட்கவில்லை. ஓரப் பார்வை இருந்ததால் எதிலும் முட்டிக்கொள்ளாமல் நடந்தாள்; பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் தோளுக்கு அப்பால் பார்த்துப் பேசுகிறாள், அவ்வளவுதான். "தராசக்காவுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு" என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். ஏறிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள். இதற்கு முன்னால் பெட்டி மடிக்கும் ஒருத்திக்கு முட்டி வீங்கியபோது, முதலாளி இனிக்கப் பேசி அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பியதை அவள் பார்த்திருக்கிறாள்.

எண் தெரியாதவள் எப்படி நிறுப்பது? நிறுக்க வேண்டாம், அளந்தால் போதும் என்று ஒரு யோசனை அவளுக்கு வந்தது. டப்பாவின் விளிம்பைக் கையால் தடவிப் பார்க்கலாம். அதற்கு வெளிச்சம்கூட வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறிக் கடைக்காரரிடம் தராசை இரவல் வாங்கி வந்து சமையலறைத் தரையில் வைத்தாள். அவள் டம்ளரால் அள்ளி வைக்க, அண்ணி எண்ணை வாசித்தாள். ஒரே டம்ளர்தான். மைதா நூற்றிருபது கிராம் காட்டியது. அதே டம்ளரில் சர்க்கரை இருநூறு. கோகோ தூள் எண்பத்தைந்தைத் தாண்டவில்லை. உப்போ முந்நூறுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"இதென்னடி கூத்தா இருக்கு? ஒரே டம்ளர், ஒரே நிரப்பு, ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்லுது" என்றாள் அண்ணி.

"பொருளுக்குப் பொருள் மாறும் அண்ணி. அது எனக்குத் தெரியும். இப்ப திரும்ப மைதாவை வைக்கிறேன், பாருங்க."

இந்தத் தடவை மூட்டையில் அள்ளுவதுபோல டம்ளரையே மாவுக்குள் அழுத்தி எடுத்து வைத்தாள். நூற்றைம்பது.

அண்ணி தராசைத் தட்டிப் பார்த்தாள். "கெட்டுப்போச்சா?"

"தராசு நல்லாத்தான் இருக்கு. மாவு நெருங்கிடுச்சு."

"சரியாப்போச்சு. உங்க அண்ணன் மாதிரிதான். காலையில ஒரு எடை, சாப்பிட்டு எழுந்தா ஒரு எடை."

சிரித்தார்கள். ஆனால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று தராசக்காவுக்கு அன்றே புரிந்துவிட்டது. சர்க்கரையும் உப்பும் டப்பாவில் கொட்டினால் கொட்டினபடி இருக்கும். மைதா அப்படி இல்லை. கிளறிவிட்டு, கரண்டியால் மெல்லத் தூவி, கத்தியின் முதுகால் வழித்தால் ஒரு எடை. அப்படியே அள்ளினால் அதற்கு மேல் கால் பங்கு கூடிவிடும். வீட்டில் நாலு பன் போடுகிறவளுக்குத் தூவி அளக்க நேரம் உண்டு. கூடத்தில் ஒரு கலவைக்கு இருபது கிலோ.

பல ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. பழைய தகர டப்பாக்களை வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, ஒவ்வொன்றுக்கும் விளிம்பில் அடையாளம் வைத்தாள். உப்பு டப்பாவில் ஒரு பள்ளம், ஈஸ்டுக்கு இரண்டு, பால் பவுடருக்கு ஆணியால் குத்திய மேடு. மாவுக்கு மட்டும் பெரிய டப்பா. அத்தனையையும் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கூடத்துக்குக் கொண்டு போனாள். யாராவது அறைக்குள் வந்தால் பாத்திரத்தைத் தராசு மேல் தூக்கி வைத்து எண்ணைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிவாள்.

உப்பிலும் ஈஸ்டிலும் ஒருநாளும் பிசகு வரவில்லை. மாவில்தான் வந்தது. மூட்டை அடுக்கில் அடியில் கிடந்து நசுங்கிய மாவு வந்தால் கலவை கல் மாதிரி இறுகும். மேலே இருந்த மூட்டையைப் பிரித்த அன்று கூழ் மாதிரி தளரும். விரல் விட்டுப் பார்த்து, இன்று மாவு நெருங்கியிருக்கிறது, அரை டப்பா குறைப்போம் என்று அவளும் ஒரு கணக்குப் போடுவாள். கை சொல்வது கிட்டத்தட்ட சரியாக இருக்கும். கிட்டத்தட்டத்தான்.

அதை முதலில் கண்டுபிடித்தவர் பிசையும் மாஸ்டர். ஒல்லியான மனுஷர், சட்டைக் கையை எப்போதும் முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருப்பார். ஒருநாள் அறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, இன்னைக்கு மாவு கூட விழுந்திருக்கு."

"சரியாத்தான் போட்டேன் மாஸ்டர்."

அவர் உள்ளே வந்தார். மேஜை மேல் இருந்த டப்பாக்களைப் பார்த்தார், அணைந்து கிடந்த தராசைப் பார்த்தார். பிறகு தன் கையைத் தூக்கி, "இது எத்தனை விரல்?" என்றார்.

தராசக்கா தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்க்க முயன்றாள். அதுவே பதிலாகிவிட்டது.

"முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் இங்க நிப்பேனா?"

"சரி. நீங்க போடுங்க. கூடக் குறைய இருந்தா தண்ணியில நான் சரி பண்ணிக்கறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

அதன் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கலவை ஓடும்போதே கையை விட்டு மாவைக் கிள்ளிப் பார்ப்பார். இறுக்கமாக இருந்தால் தண்ணீர், தளர்ந்தால் ஒரு பிடி மாவு. முன்பெல்லாம் ஒரு கலவைக்கு ஒரு தடவை தொட்டுப் பார்ப்பவர், இப்போது நாலைந்து தடவை தொட்டார். ரொட்டி எப்போதும் போல வந்தது. கடைகளிலிருந்து ஒரு குறையும் வரவில்லை.

மிஷினுக்கு ஒரு கம்பி மூடி உண்டு. மூடியைத் தூக்கினால் ஓட்டம் தானாக நின்றுவிட வேண்டும். வாங்கும்போது அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் நின்று நின்று ஓடினால் நேரம் போகிறது என்று முதலாளி மூடியில் இருந்த சுவிட்சை ஒரு கம்பித் துண்டால் இழுத்துக் கட்டிவிட்டார்; அதன் பிறகு மூடி திறந்திருந்தாலும் மிஷின் ஓடும். கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மிஷினைத் துடைக்கும் நாட்களில் தராசக்காவின் கையிலும் அந்தக் கம்பி முள்ளாகக் குத்தியிருக்கிறது.

அன்று மதியம் அடி மூட்டை மாவு. அவள் குறைத்துத்தான் போட்டாள், போதுமான அளவு குறைக்கவில்லை. மிஷின் முனகுகிற சத்தம் அறைவரை கேட்டது. மாஸ்டர், "இறுகுது, இறுகுது" என்று சொல்வதும் கேட்டது. அப்புறம் வந்த சத்தத்தை அவள் மனுஷக் குரல் என்றே முதலில் நினைக்கவில்லை.

இறுகிய மாவு சட்டென்று விலகாது. மாவைப் பிசையும் கொக்கி சுற்றி வரும்போது கையை உருவ அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அடுப்புக்காரர் ஓடி வந்து மின்சாரத்தை நிறுத்துவதற்குள் வலது கையில் நடு மூன்று விரல்களும் போய்விட்டன.

தராசக்கா மூட்டைகளைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள். தொட்டியில் வெள்ளையும் சிவப்பும் அவள் பார்வையின் ஓரத்தில் தெரிந்தன. நேராகப் பார்க்கத் திரும்பினாள். சாம்பல் திட்டு வந்து மறைத்தது. அவளுடைய கண் அவளுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான் என்று பின்னால் அண்ணியிடம் சொன்னாள்.

முதலாளி மாஸ்டரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு சுவிட்சில் இருந்த கம்பியைக் கழற்றிவிட்டார். மறுநாள் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தபோது மூடியைத் தூக்கினால் மிஷின் சமர்த்தாக நின்றது. "அந்த ஆள்தான் அவசரக்குடுக்கை சார். எங்கயோ கையை விட்டு ஏதோ செஞ்சுக்கிட்டான்" என்றார் முதலாளி. அடுப்புக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, தான் எதையும் கவனிக்கவில்லை என்றார். அவருக்கும் குடும்பம் இருந்தது.

தராசக்கா முன்னால் வந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மாஸ்டர் அஜாக்கிரதைக்காரர் இல்லை என்று சொல்ல வேண்டும். அவர் ஏன் கையை விட்டார் என்று தெரிந்தால் போதும், பழி அவர் தலையில் விழாது என்று நம்பினாள்.

"சார், அவர் மேல தப்பு இல்ல. எனக்குக் கண்ணு தெரியல. தராசுல எண் படிக்க முடியல. டப்பாவாலதான் அளந்து போட்டுக்கிட்டிருந்தேன். டப்பாவுல மாவு ஒருநாள் போல ஒருநாள் நிக்காது. அதனாலதான் அவர் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டியதாச்சு."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். முதலாளி ஒரு கணம் திகைத்தார். மறுகணமே அவர் குரலில் உயிர் வந்துவிட்டது.

"கேட்டீங்களா சார்? எனக்கே இப்பத்தான் தெரியுது. இதுங்க ரெண்டும் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கு."

"மிஷின்லயும் தப்பு இருக்கு சார். மூடி சுவிட்சைக் கம்பி வெச்சுக் கட்டியிருந்தாங்க. நேத்துதான் கழட்டினாங்க" என்றாள் அவள்.

"நீங்க பார்த்தீங்களா?"

அவள் அதிகாரியின் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"கண்ணு தெரியாதுன்னு நீங்கதானேம்மா இப்ப சொன்னீங்க?" அதிகாரியின் குரலில் கடுமை இல்லை. அலுப்புதான் இருந்தது.

"தொட்டிருக்கேன் சார். துடைக்கும்போது கையில குத்தியிருக்கு."

பேனா காகிதத்தில் ஓடும் சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். கேட்கவில்லை.

அவளை அன்றே நிறுத்திவிட்டார்கள். தொழிலாளர்கள் இருவர் கூடிச் செய்த தவறு என்று விஷயம் முடிந்தது. மாஸ்டருக்கு வர வேண்டிய நஷ்டஈடும் வரவில்லை.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணி அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டான ஒற்றை அறை. மாஸ்டரின் மனைவி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அறையில் மருந்து வாடை அடித்தது. மாஸ்டர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரியாமல் தராசக்கா குத்துமதிப்பாக ஒரு திசையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"என்னை மன்னிச்சிடுங்க மாஸ்டர்."

"எதுக்கு? மாவு கூடப் போனதுக்கா?"

குரல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அவள் திரும்பினாள்.

"மாவை விடுங்க. அது நான் தெரிஞ்சே ஏத்துக்கிட்டது. யார் உங்களை அதிகாரிகிட்ட கண்ணு தெரியலன்னு சொல்லச் சொன்னது? கம்பி கட்டியிருந்துச்சுன்னு மட்டும் சொல்லியிருந்தா போதுமே. வாயைத் திறக்கறதுக்கு அங்க வேற ஆள் கிடையாது. எனக்குன்னு இருந்த ஒரே சாட்சி நீங்க. அந்தச் சாட்சியை நீங்களே குருடாக்கிட்டீங்க."

"உண்மையைச் சொன்னா உங்களுக்கு நல்லதுன்னு..."

"உண்மை சொன்னீங்க. யாருக்கு உதவுச்சு?"

திரும்பி வரும் வழியில் அண்ணி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "வலியில பேசறாரு. அதைப் போய் மனசுல வெச்சுக்காதே" என்றாள். ஆனால் அவர் வலியில் பேசவில்லை, கணக்குப் பார்த்துப் பேசினார் என்று தராசக்காவுக்குத் தெரியும். அந்தக் கணக்கில் பிழையும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அண்ணிக்கு ஒரு யோசனை உதித்தது. "அவருக்குக் கண்ணு இருக்கு, உனக்குக் கை இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து சின்னதா ஒரு பன் கடை போட்டா என்ன?" என்று சொல்லி, தானே போய்க் கேட்டுவிட்டும் வந்தாள். வந்து செருப்பைக் கழற்றும்போதே முகம் தொங்கியிருந்தது. "வேண்டாமாம்" என்றாள். அதற்குமேல் அவர் என்னென்ன சொன்னார் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

சாம்பல் திட்டு மெல்லப் பெரிதானது. அண்ணன் முகம் போயிற்று, அண்ணி முகம் போயிற்று. தன் முகம் எப்போது போனது என்று அவளுக்கே நினைவில்லை. வீட்டில் துணி மடித்தாள், காய் நறுக்கினாள். அண்ணி வற்புறுத்தினால் எப்போதாவது ஒரு ரொட்டி போடுவாள். மைதாவைக் கிளறி, தூவி, வழித்து, அவசரமே இல்லாமல் அளப்பாள். ரொட்டி நன்றாக வரும். அவள் ஒரு துண்டுகூடச் சாப்பிட மாட்டாள்.

மறு வருஷம் குளிர் தொடங்கியிருந்த நேரம். அண்ணி கதவைத் திறந்து, "நீங்களா?" என்று கேட்ட தொனியிலேயே வந்திருப்பது சாதாரண ஆள் இல்லை என்று தெரிந்தது.

"நான்தான்க்கா. மாஸ்டர் வீட்டுல."

தராசக்கா எழுந்து நின்றாள். மாஸ்டரின் மனைவி உட்கார்ந்தாள்.

"வீட்டுலயே பன் போட்டு விக்கலாம்னு ஆரம்பிச்சிருக்கேன். அவர்தான் பக்கத்துல உக்காந்து சொல்றாரு. ஆனா எல்லாம் கிலோவுலயும் கிராம்லயும் சொல்றாரு. என்கிட்ட தராசு இல்ல. டம்ளர்ல போட்டா ஒருநாள் வருது, ஒருநாள் செங்கல்லா வருது."

"டம்ளரைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

"அவர்தான் எடுத்துட்டுப் போன்னாரு. டம்ளர் இல்லாம போனா பிரயோஜனமில்லன்னாரு." பையிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

தராசக்கா அதன் வாயையும் அடியையும் விரலால் சுற்றிப் பார்த்தாள். சமையலறையிலிருந்து தன் டம்ளரைக் கொண்டு வந்து, அது நிறையச் சர்க்கரை எடுத்து இதில் கொட்டினாள். நிரம்பி, கொஞ்சம் மீந்தது. மீந்ததை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"என்னோடதைவிட உங்களோடது சின்னது. இதுல சர்க்கரை நூத்தி எண்பது வரும், மைதா நூத்திப் பத்துக்குக் கொஞ்சம் கீழ. அதுவும் தூவி அளந்தாத்தான். டம்ளரை மாவுக்குள்ள விட்டு அள்ளவே கூடாது. அள்ளினா செங்கல்தான். எங்க, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

மாஸ்டரின் மனைவி செய்தாள். தராசக்கா குனிந்து காதை வைத்துக் கேட்டாள்; கரண்டியிலிருந்து மாவு பொத்தென்று விழும் சத்தம் வந்தால், "இல்ல, இன்னும் மேல இருந்து, மெதுவா" என்றாள். வழித்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாள். உப்பும் ஈஸ்டும் ஒரு கிலோ மாவுக்கு எத்தனை டீஸ்பூன், தலை தட்டிய ஸ்பூனா குவித்த ஸ்பூனா என்று சொல்லிக் கொடுத்தாள்.

"முடிஞ்சதும் ஒரு தராசு வாங்கிடுங்க. இதெல்லாம் அதுவரைக்கும்தான்."

"சரிக்கா."

டம்ளர் பைக்குள் போகும் சத்தம் கேட்டது. தராசக்கா கேட்காமல் இருந்துவிட நினைத்தாள், முடியவில்லை.

"கை எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. குளிர் வந்தா இல்லாத விரல் வலிக்குதுன்னு சொல்றாரு. சில நாள் அழறாரு."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

மாஸ்டரின் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருப்பாள்.

"இல்லக்கா. கேட்டுட்டு வான்னாரு. அவ்வளவுதான்."

அவள் அதற்குப் பிறகும் சில தடவை வந்தாள். ரஸ்க்குக்கு ஒரு தடவை, கோகோ பிஸ்கட்டுக்கு ஒரு தடவை. மாஸ்டர் ஒருநாளும் வரவில்லை.